'ரூலிக்': நார்வேயில் அமைதி, ஸ்வீடனில் வேடிக்கை. இரண்டும் ஒரே சொல்லா?

கேள்வி சுருக்கமாக இது: "என் அக்கா ஆஸ்லோவில் இருக்கிறார். பிள்ளைகள் ஆட்டம் போட்டால் 'ரூலி, ரூலி' என்று அதட்டுவார். அமைதியாக இரு என்று பொருளாம். நான் வேலைக்காக ஸ்வீடனில் கோத்தன்பர்க் வந்து மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இங்கே ஆசிரியை அதே சொல்லை வேடிக்கையான, மகிழ்ச்சியான என்ற பொருளில் சொல்லித் தருகிறார். எழுத்தும் அதே எழுத்துதான். இரண்டும் ஒரே சொல்லா, தற்செயலாக ஒன்றுபோல் அமைந்த இரண்டு சொற்களா? யார் சொல்வது சரி?"

ஒரே சொல்தான். உங்கள் அக்கா சொல்வதும் சரி, ஆசிரியை சொல்வதும் சரி. ஸ்காண்டிநேவிய மொழிகள் எல்லாவற்றிலும் அன்றாடம் புழங்கும் பெயரடை இது. டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றிலும் ஒரே ஐந்து எழுத்துகளால் (rolig) எழுதுகிறார்கள். ஐஸ்லாந்திலும் பரோயே தீவுகளிலும் அதன் உடன்பிறப்புகள் உயிரோடு இருக்கின்றன. ஐந்து மொழிகளில் நான்கு ஒரு பக்கம் நிற்க, ஸ்வீடிஷ் மட்டும் தனியாக வேறு பக்கம் போய்விட்டது. அது எப்படிப் போனது, போனது ஸ்வீடிஷ்தான் என்று எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காரணம் புரிந்துவிட்டால் இந்தச் சொல் மறுபடி உங்களைக் குழப்பாது.

முதலில் ஒலி. ஸ்வீடனில் 'ரூலிக்' என்று கற்றுத் தருவார்கள், ஆனால் பேச்சில் கடைசி எழுத்தை விழுங்கி 'ரூலி' என்றே பலரும் சொல்வார்கள். நார்வேயில் அந்தக் கடைசி எழுத்தை உச்சரிப்பதே இல்லை, 'ரூலி'தான். டென்மார்க்கில் 'ரோலி', அங்கே முதல் எழுத்து தொண்டையிலிருந்து வரும். ஐஸ்லாந்தில் 'ரோவ்லெகுர்', பரோயேயில் 'ரோவ்லியுர்' என்பதுபோல் ஒலிக்கும். கீழே பொதுவாகப் பேசும் இடங்களில் 'ரூலிக்' என்றே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லில் இரண்டு துண்டுகள் உள்ளன. முன்பாதி 'ரூ' (டேனிஷில் 'ரோ'). இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய நார்ஸ் மொழியில் இதற்கு ஓய்வு, அமைதி, அசைவற்ற நிலை என்று பொருள். ஜெர்மன்காரர்கள் அமைதிக்குச் சொல்லும் 'ரூஹெ' இதற்கு உறவு. பின்பாதி 'லிக்' ஒரு விகுதி; நம் 'ஆன' போன்றது. அதன் வேரில் உடல், உருவம் என்ற பொருள் இருந்தது. ஆக, பிறந்தபோது 'ரூலிக்' என்றால் 'ஓய்வின் தன்மை கொண்ட, அமைதியான' என்று மட்டுமே பொருள். சிரிப்பும் வேடிக்கையும் அதில் இல்லை.

நார்வேயிலும் டென்மார்க்கிலும் அந்தப் பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. நார்வேயில் வீட்டு விளம்பரங்களைப் புரட்டினால் 'ரூலி' கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்: சந்தடியில்லாத, பிள்ளைகளுக்கு ஏற்ற பகுதி என்று. அலையில்லாத கடலும், இரைச்சலில்லாத தெருவும், மெதுவான இசையும், பதறாத மனிதரும் அங்கே 'ரூலி'. 'தா தெ ரூலி' என்றால் 'அவசரப்படாதே, பதறாதே'. பிள்ளையிடம் 'சிட் ரூலி' என்றால் 'ஆடாமல் அசையாமல் உட்கார்'. வண்டி ஓட்டுபவரிடம் சொன்னால் 'மெதுவா ஓட்டு'. உங்கள் அக்கா சொல்வது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

டேனிஷில் 'பாரெ ரோலி' என்ற தொடர் மிகவும் புழக்கத்தில் உள்ளது. 'கவலைப்படாதீங்க, ஒன்றும் ஆகாது' என்று நாம் சொல்லும் இடத்தில் எல்லாம் டேனியர்கள் அதைச் சொல்வார்கள். மிரண்ட குதிரையைத் தட்டிக் கொடுப்பவரும் 'ரோலி, ரோலி' என்பார். பல் மருத்துவரும் அதையே சொல்வார்.

இதே இடங்களில் ஸ்வீடன்காரர் 'ரூலிக்' என்ற சொல்லைத் தொடவே மாட்டார். அவருக்கு அமைதி என்றால் 'லுங்ன்'. 'தா தெ ரூலி' என்பதற்கு ஸ்வீடிஷில் நேர்ச்சொல் 'தா தெ லுங்ன்ட்'. நார்வே விளம்பரத்தில் 'ரூலி' என்றிருக்கும் பகுதியை ஸ்வீடன் விளம்பரம் 'லுங்ன்' என்றுதான் எழுதும். அந்த நார்வே விளம்பரத்தை ஒரு ஸ்வீடன்காரர் தன் மொழியாக நினைத்துப் படித்தால், கேளிக்கை நிறைந்த பகுதி என்று எடுத்துக்கொள்வார். தூக்கத்துக்காக வீடு தேடுபவருக்கு நேர் எதிரான செய்தி.

சரி, ஸ்வீடிஷில் 'ரூலிக்' எதையெல்லாம் குறிக்கிறது? இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் 'வேடிக்கையான' என்று ஒரே பொருளைத்தான் கொடுத்திருப்பார்கள். சிரிப்பு வரவைக்கும் படம் 'ரூலிக்'. நகைச்சுவையாகப் பேசும் ஆளும் 'ரூலிக்'. அதே சமயம், மனத்துக்குப் பிடித்த வேலையும் 'ரூலிக்'தான். அதில் சிரிக்க எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் உங்களிடம் நல்ல செய்தி சொன்னால் 'வா ரூலிட்!' என்பீர்கள். 'அடடே, ரொம்ப சந்தோஷம்!' என்பதற்குச் சமம். விருந்தாளி வந்தால் 'நீங்கள் வந்தது ரூலிட்' என்று சொல்லலாம். 'வந்தது மகிழ்ச்சி' என்று பொருள். வேடிக்கை, சுவாரசியம், மகிழ்ச்சி என மூன்று தமிழ்ச் சொற்கள் செய்யும் வேலையை இது ஒன்றே செய்கிறது.

இதற்கு எதிர்ச்சொல் 'ட்ரோகிக்'. அகராதியில் 'அலுப்பூட்டும்' என்று இருக்கும். ஆனால் யாராவது கெட்ட செய்தி சொன்னால் ஸ்வீடன்காரர்கள் 'வா ட்ரோகிட்' என்பார்கள். அந்த இடத்தில் 'என்ன இது, கஷ்டமா இருக்கே' என்ற ஆறுதல் தொனி அதற்கு. வேலை போய்விட்டது என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் 'ட்ரோகிட்' என்றால் அலுத்துக்கொள்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பரிவோடுதான் சொல்கிறார். இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: நல்ல செய்திக்கு ரூலிட், கெட்ட செய்திக்கு ட்ரோகிட். இளைஞர்கள் பேச்சில் ரூலிக் இருக்க வேண்டிய பல இடங்களில் 'கூல்' என்ற குட்டிச் சொல் வரும். ஆங்கிலத்திலிருந்து வந்த 'கூல்' என்று தோன்றும், ஆனால் இது ஸ்வீடிஷுக்கே உரிய வேறு சொல், பொருள் 'ஜாலியான'.

ஸ்வீடன் தொடக்கப் பள்ளிகளில் 'ரூலிகா டிம்மென்' என்று ஒரு வழக்கம் உண்டு. பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, பிள்ளைகளே குட்டி நாடகம், பாட்டு, விளையாட்டு என்று நடத்தும் ஒரு மணி நேரம். பெயரை அப்படியே எடுத்தால் ஸ்வீடிஷில் 'வேடிக்கை நேரம்'. அதையே ஒரு நார்வேப் பிள்ளை தன் மொழியில் கேட்டால் 'அமைதி நேரம்' என்று புரிந்துகொண்டு வாயை மூடி உட்காரும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பொருள் மாறியது ஸ்வீடிஷில்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

நான்கு மொழிகள் ஒன்று சொல்கின்றன, ஒன்று மட்டும் வேறு சொல்கிறது, ஆகவே பெரும்பான்மைதான் பழையது என்று முடித்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. நார்வேயும் டென்மார்க்கும் 1814 வரை ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தவை. அந்தக் காலத்தில் நார்வேயில் எழுத்து மொழி டேனிஷ்தான். இன்றைய நார்வேயின் இரண்டு எழுத்து வடிவங்களில் பெரும்பாலோர் எழுதும் பூக்மோல் அந்த டேனிஷிலிருந்து வளர்ந்தது. ஆகவே இந்த இரண்டு நாடுகளும் ஒத்துப்போவதை இரண்டு தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வீட்டில் இருந்தவர்கள் ஒரே கதையைச் சொல்வதுபோல்தான்.

ஐஸ்லாந்தின் சாட்சிக்கு அதைவிட எடை அதிகம். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் நார்வேயிலிருந்து கடல் கடந்து போய்க் குடியேறியவர்களின் மொழி அது. பழைய நார்ஸின் இலக்கணத்தை இன்றும் பெருமளவு காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே 'ரோவ்லெகுர்' என்றால் அமைதியான, நிதானமான என்றுதான் பொருள். வேடிக்கைக்கு அவர்களிடம் 'ஸ்கெம்டிலெகுர்' என்ற வேறு சொல் இருக்கிறது. பரோயேயிலும் 'ரோவ்லியுர்' அமைதிதான், வேடிக்கைக்கு 'ஸ்டுட்லியுர்'. நார்வேயின் மற்றொரு எழுத்து வடிவமான நீனொஷ்க், நாட்டுப்புற வழக்குகளை அடிப்படையாக வைத்து உருவானது. அதிலும் இந்தச் சொல் ஐஸ்லாந்து வடிவத்தை ஒட்டி 'ரூலெக்' என்று எழுதப்படுகிறது, பொருளும் அமைதிதான்.

ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் ஸ்வீடிஷுக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தச் சொல்லின் எதிர்மறையைப் பாருங்கள். ஸ்வீடிஷில் எதிர்மறை முன்னொட்டு 'ஊ'. ரூலிக்கோடு அதைச் சேர்த்தால் 'ஊரூலிக்'. இன்றைய பொருளை வைத்துக் கணக்குப் போட்டால் 'வேடிக்கையற்ற' என்று வர வேண்டும். வருவதில்லை. 'ஊரூலிக்' என்றால் கவலையான, மனம் அலைபாய்கிற, அமைதியில்லாத என்று பொருள். பிள்ளை வீட்டுக்கு வர நேரமாகிவிட்டால் தாய் 'ஊரூலிக்' ஆவாள். அமைதி + இல்லை = கவலை. பழைய பொருள் இங்கே பத்திரமாக இருக்கிறது! நேர்ச்சொல் ஊரைவிட்டுப் போனபோது எதிர்ச்சொல் கூடப் போகவில்லை, பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதே குடும்பத்தில் ஸ்வீடிஷ் செய்திகளில் வரும் 'ஊரூலிக்ஹெட்டெர்' என்ற சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கலவரம், தெருவில் நடக்கும் அடிதடி, அமைதிக் குலைவு என்று பொருள். முன்னொட்டை எடுத்துவிட்டு 'ரூலிக்ஹெட்டெர்' என்றால் வேடிக்கைகள், சிரிப்பு விஷயங்கள். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான். ஆனால் ஒன்று இன்னொன்றின் நேர் எதிர் இல்லை. நார்வே, டென்மார்க்கில் இந்தக் கோணல் கிடையாது: அங்கே 'ரூலி' அமைதி, 'ஊரூலி' அமைதியின்மை, கணக்கு சரியாக இருக்கும். உங்கள் அக்காவும் நீங்களும் எதிர்மறை வடிவத்தை ஒரே பொருளில்தான் பயன்படுத்துவீர்கள். நேர்வடிவத்தில்தான் முரண்படுவீர்கள்.

வேர்ச்சொல்லும் அப்படியே. 'ரூ' என்ற பெயர்ச்சொல் ஸ்வீடிஷில் இன்றும் அமைதிதான். 'ஈ லுங்ன் ஒக் ரூ' என்பது அன்றாடத் தொடர். 'அவசரமில்லாமல், நிம்மதியாக' என்று பொருள். மது மீட்புக் குழுக்களில் சொல்லப்படும் மன அமைதிக்கான பிரார்த்தனையின் ஸ்வீடிஷ் பெயரிலும் இந்த 'ரூ' இருக்கிறது: 'சின்னெஸ்ரூ', மன அமைதி. ஆக, வேரும் பழைய பொருளில், எதிர்மறையும் பழைய பொருளில், நடுவில் உள்ள பெயரடை மட்டும் புதிய பொருளில். பொருள் மாறியது எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

எப்படி மாறியது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமைதிக்கும் வேடிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் தோன்றும். நடுவில் ஒரு படியை வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு மாலையில் உட்கார்கிறீர்கள். அந்த மாலை அமைதியானது, அதனாலேயே இனிமையானது. 'ரூலிக்கான மாலை' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அமைதியை எடுத்துக்கொள்ளலாம், இனிமையையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே அந்த இடத்தில் பொருந்தும். இப்படி இரு பொருளும் பொருந்துகிற இடங்கள் பெருகப் பெருக, அடுத்த தலைமுறை இனிமையை முதன்மைப் பொருளாகப் பிடித்துக்கொள்ளும். இனிமையிலிருந்து மகிழ்ச்சி, மகிழ்ச்சியிலிருந்து கேளிக்கை, கேளிக்கையிலிருந்து சிரிப்பு. ஒவ்வொரு அடியும் சின்னதுதான்.

வினைச்சொல்லும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. 'ரூவா' என்ற ஸ்வீடிஷ் வினைக்கு வேரின்படி 'அமைதிப்படுத்து' என்பதே பொருள்; இன்று 'மகிழ்வி, பொழுதுபோக்கு காட்டு'. மனத்தின் கவலையை இறக்கி வைப்பவர் மனத்துக்கு இன்பம் தருபவரும்கூட என்பதால் இந்த மாற்றம் இயல்பாகவே நடந்திருக்கும். ஐஸ்லாந்தில் அதன் உடன்பிறந்த வினை இன்றும் 'அமைதிப்படுத்து'தான். கோபத்தில் இருப்பவரிடம் 'ஆசுவாசப்படு' என்று சொல்ல அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெயரடை இப்படி நகர்ந்துவிட்டால் அமைதியான என்பதற்கு வேறு சொல் வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது 'லுங்ன்'. அதன் கதையும் சுவையானது. பழைய நார்ஸில் அது வானிலைச் சொல்: காற்றே வீசாத, இலை அசையாத பொழுது. ஐஸ்லாந்தில் 'லொக்ன்' இன்றும் காற்றில்லாத பொழுதைத்தான் குறிக்கிறது. ஸ்வீடிஷில் அது வானிலையைத் தாண்டி மனிதருக்கும் மனத்துக்கும் தெருவுக்கும் வந்துவிட்டது. டேனிஷில் அதன் உடன்பிறப்பான 'லூன்' வேறு திசையில் போனது. காற்று படாத, கதகதப்பான, இதமான என்று பொருள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்வீடன்காரர்கள் மட்டும் ஏதோ விசித்திரமாகச் செய்துவிட்டார்கள் என்று நார்வேஜியர்கள் நினைப்பதுண்டு. ஆனால் நார்வேஜியர்கள் வேடிக்கைக்குச் சொல்லும் சொல்லைப் பாருங்கள்: 'மூரூ'. 'ஹா தெ மூரூ' என்றால் 'ஜாலியா இரு'. அந்தச் சொல்லின் பின்பாதியில் இருப்பதும் அதே 'ரூ'தான். மனம் என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லும் அமைதி என்ற 'ரூ'வும் சேர்ந்ததே 'மூரூ' என்பது சொற்பிறப்பு அகராதிகள் தரும் விளக்கம். மன அமைதி என்று தொடங்கி வேடிக்கையில் வந்து நிற்கிறது. டேனிஷிலும் நார்வேஜியனிலும் வேடிக்கையான என்பதற்கு உள்ள 'மோர்சொம்' என்ற பெயரடையும் இதே வேரில் கிளைத்தது. அமைதியிலிருந்து வேடிக்கைக்குப் போகும் பாதையில் எல்லோருமே நடந்திருக்கிறார்கள். ஸ்வீடிஷ் அதை ரூலிக் என்ற பெயரடையோடு செய்தது, மற்ற இரண்டும் ஒரு கூட்டுச்சொல்லோடு செய்தன. 'ரூ'வுக்குள் இந்த விதை முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் 'கதைப்பது' என்றால் பேசுவது. சென்னையில் 'கதை விடுவது' வேறு சங்கதி. வேர் ஒன்று, கிளை வேறு. இந்த மாதிரி வேறுபாட்டை நம் மொழிக்குள்ளேயே பார்த்துப் பழகியவர்கள் நாம். அதனால் உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறேன்.

டென்மார்க்கில் இந்தச் சொல்லை வைத்து உண்டான ஒரு புதுச் சொல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1980களில் ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களில் 'ஹூலிகன்' என்ற அடிதடிக் கும்பல்கள் பெரிய தலைவலியாக இருந்தன. அந்தக் காலத்தில்தான் டேனிஷ் அணி மேலே வந்தது. 1984இல் பிரான்சில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை போய் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. அணியோடு ஊர் ஊராகப் போன டேனிஷ் ரசிகர்கள் முகத்தில் சிவப்பு வெள்ளை பூசிக்கொண்டு, கைதட்டுவதுபோல் அசையும் தொப்பி போட்டுக்கொண்டு, சண்டை வம்பு இல்லாமல் கொண்டாடினார்கள். அவர்களுக்கு 'ரோலிகன்' என்று பெயர் வந்தது: ரோலி என்ற சொல்லையும் ஹூலிகனையும் ஒட்டிச் செய்த பெயர். டேனிஷில் அதன் பொருள் 'அமைதியான ரசிகர்'. 1992இல் ஐரோப்பியப் போட்டி ஸ்வீடனில் நடந்தது. ஜூன் 26ஆம் தேதி, நீங்கள் இப்போது இருக்கும் அதே கோத்தன்பர்க் நகரின் உல்லேவி மைதானத்தில், டென்மார்க் ஜெர்மனியை 2–0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அந்த ரசிகர்களை ஒரு ஸ்வீடன்காரர் தன் மொழியில் 'ரூலிக்' என்று சொல்லியிருந்தால், வேடிக்கையானவர்கள் என்று பொருள். அதுவும் அவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பொருளும் ஒரே ஆளுக்குப் பொருந்திய அபூர்வமான இடம் இது.

இலக்கணம் பற்றி, தமிழ் பேசுபவருக்கு வேண்டிய அளவு மட்டும். தமிழில் 'நல்ல பையன், நல்ல வீடு, நல்ல பிள்ளைகள்' எல்லாவற்றுக்கும் 'நல்ல' ஒன்றே போதும். ஸ்காண்டிநேவிய மொழிகளில் பெயரடை அடுத்து வரும் பெயரைப் பார்த்து வடிவம் மாறும். ஸ்வீடிஷில் 'ஒரு' என்பதற்குச் சில பெயர்களோடு 'என்' சேரும், சிலவற்றோடு 'எட்' சேரும். 'என்' சேரும் பெயர்களுக்கு ரூலிக். 'எட்' சேரும் பெயர்களுக்கு ரூலிட். பன்மைக்கும், குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போதும் ரூலிகா. ஒரு நிகழ்ச்சியையோ செய்தியையோ பொதுவாகப் பற்றிச் சொல்லும்போது ரூலிட் வரும். 'வா ரூலிட்' என்பதில் 'ட்' இருப்பது அதனால்தான். ஒப்பீட்டுக்கு ரூலிகாரெ, ரூலிகாஸ்ட். நார்வேயின் பூக்மோலில் இந்த 'ட்' சேராது. இந்த விகுதியில் முடியும் பெயரடைகள் அங்கே 'எட்' வகைப் பெயர்களுக்கும் மாறாமலே நிற்கும். டேனிஷில் சேரும். ஐஸ்லாந்தில் மூன்று பால், நான்கு வேற்றுமை, ஒருமை பன்மை என்று அட்டவணையே போட வேண்டும். இப்போது அது உங்களுக்குத் தேவையில்லை.

'ரூலிக்' தனியாள் இல்லை என்பதால் இன்னும் சில பெயரடைகளையும் சொல்லிவிடுகிறேன். அக்காவோடு ஸ்வீடிஷும் நார்வேஜியனும் கலந்து பேசும் நாள் வந்தால் இவை உதவும். 'ரார்' ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் அன்பான, இனிய, நார்வேயில் விசித்திரமான. ஸ்வீடன் பாட்டியை 'ரார்' என்று பாராட்டலாம், ஆஸ்லோவில் யாரையும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 'ஆர்ட்டிக்' ஸ்வீடிஷில் மரியாதையான. டேனிஷில் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. நார்வேயில் சுவாரசியமான, வேடிக்கையான. 'ஃப்ளிங்க்' டென்மார்க்கில் நல்ல மனசுள்ளவர், நார்வேயில் திறமைசாலி.

இவற்றில் 'ஸ்னெல்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஸ்வீடிஷ் 'ஸ்னெல்', நார்வேஜியன் 'ஸ்னில்' இரண்டுமே அன்பான, நல்ல குணமுள்ள என்ற பொருளில் வரும். ஐஸ்லாந்திலோ அதே சொல்லுக்குக் கூர்மையான, புத்திசாலியான என்று பொருள். ஸ்மார்ட்போனுக்கு அவர்கள் வைத்த பெயரின் முன்பாதி இந்தச் சொல்தான். டேனிஷிலும் சாமர்த்தியம் என்ற பழைய பொருளே தங்கியிருக்கிறது. ஜெர்மனில் அதன் உறவான 'ஷ்னெல்' வேகத்தைக் குறிக்கும். ஸ்வீடிஷ் 'ஸ்னெல்டோக்' என்ற விரைவு ரயில் பெயரில் அந்த வேகம் இன்னும் ஓடுகிறது. ரூலிக் விஷயத்தில் ஸ்வீடிஷ் தனியாகப் போனது. இங்கே ஸ்வீடிஷும் நார்வேஜியனும் சேர்ந்து போயின, டேனிஷ் பின்தங்கியது. எந்த மொழி பழையதைக் காக்கிறது என்று பொதுவாக ஒரு விதி போட முடியாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

நடைமுறையில் இதெல்லாம் பெரிய சிக்கல் ஆகுமா? பெரும்பாலும் ஆகாது. ஸ்வீடிஷ் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த நார்வேஜியர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு ஸ்வீடிஷ் ரூலிக்கின் பொருள் நன்றாகவே தெரியும். மூன்று நாட்டுக்காரர்கள் சந்தித்தால் அவரவர் மொழியிலேயே பேசிக்கொள்வதும் வழக்கம்தான். சிக்கல் வருவது எழுத்தில், அதுவும் வேலையிடத்தில். ஸ்வீடன் செவிலியர்கள் நார்வேக்கு வேலைக்குப் போவது சாதாரணம். நோயாளி 'ரூலி'யாக இருந்தார் என்று நார்வேக் குறிப்பில் இருந்தால் அவர் பதற்றமில்லாமல் இருந்தார் என்று பொருள், சிரிக்கச் சிரிக்கப் பேசினார் என்று இல்லை. நீங்களும் வேலைக்காக வந்தவர் என்பதால், எல்லை தாண்டி வரும் மின்னஞ்சல்களில் இந்தச் சொல்லைக் கண்டால் அனுப்பியவர் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம், பின்லாந்திலிருந்து ஸ்வீடிஷில் எழுதுபவர்களும் இருப்பார்கள். ஸ்வீடிஷ் அந்த நாட்டின் இரண்டு தேசிய மொழிகளில் ஒன்று. அவர்களுடைய ரூலிக் ஸ்வீடன் ரூலிக்தான், வேடிக்கை.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட, தொடராகப் பிடித்துக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். ஸ்வீடிஷுக்கு 'வா ரூலிட்', 'தா தெ லுங்ன்ட்'. நார்வேக்கு 'தா தெ ரூலி', 'ஹா தெ மூரூ'. டென்மார்க்குக்கு 'பாரெ ரோலி'. வேடிக்கைக்கு அங்கே பேச்சில் அதிகம் வருவது 'ஷௌ'. இந்த ஐந்தாறு தொடர்களை அந்தந்த நாட்டு ராகத்தோடு சொல்லிப் பழகினால் பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

நீங்களே தோண்டிப் பார்க்க விரும்பினால் அகராதிகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. ஸ்வீடிஷ் அகாடமியின் பெரிய வரலாற்று அகராதி 1890களில் வெளிவரத் தொடங்கி 2023இல் நிறைவுற்றது. ஒவ்வொரு சொல்லும் காலப்போக்கில் எப்படி மாறியது என்பதை மேற்கோள்களோடு காட்டும். பழைய எழுத்து நடையில் இருப்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் கடினம். அதே தளத்தில் எளிய நவீன அகராதியும் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். நார்வேக்கு பூக்மோல், நீனொஷ்க் அகராதிகள் இரண்டும் ஒரே தளத்தில் அருகருகே திறக்கும், சொற்பிறப்பும் சுருக்கமாக இருக்கும். அங்கே 'மூரூ'வையும் 'ரூலி'யையும் அடுத்தடுத்துத் தேடிப் பாருங்கள். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினால் இன்னும் நல்லது.